காற்று திரும்பும் இடத்தில் ஒரு நகரம்

கில்வாவில் தங்கச் சுரங்கம் இருந்ததில்லை. பீங்கான் சூளை இருந்ததில்லை. தந்தத்துக்கான யானைகூட எதிர்க்கரைக் காட்டில்தான் திரிந்தது. ஆனாலும் 1300களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முழுக்கத் தேடினாலும் இதைவிடப் பணக்கார ஊர் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். தான்சானியாவின் தென்பகுதியில், தார் எஸ் சலாமிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே, கரையை ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. கில்வா கிசிவானி என்பது முழுப்பெயர். இன்றைக்கு அங்கே மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் ஒரு கிராமம் இருக்கிறது, பொந்தன்புளி மரங்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே இடிந்த மசூதிகளும் அரண்மனைகளும் நிற்கின்றன.

எதுவுமே விளையாத இடத்தில் எப்படி இவ்வளவு பணம் சேர்ந்தது? எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில், காற்று.

இந்தியப் பெருங்கடலின் இந்தப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு காற்றுகள். நவம்பர், டிசம்பர் வாக்கில் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குவதை இங்கே கஸ்காஸி என்கிறார்கள். அரபு நாட்டிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கிளம்பும் பாய்மரக் கப்பல் அதன் முதுகில் ஏறித் தெற்கே வரும். ஏப்ரலில் காற்று திசை மாறும். தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்குக் கூசி என்று பெயர். வந்த கப்பல் அதைப் பிடித்து ஊர் திரும்ப வேண்டும். சிக்கல் என்னவென்றால், தெற்கே போகப்போக கஸ்காஸி தளர்ந்துவிடும். கில்வாவைத் தாண்டிப் போனால் காற்றை நம்ப முடியாது. போய்ச் சேர்ந்தாலும் அதே பருவத்தில் திரும்ப முடியாது, அடுத்த ஆண்டுவரை எங்கேயாவது நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

தங்கமோ அதற்கும் தெற்கே இருந்தது. இன்றைய ஜிம்பாப்வேயின் மேட்டுநிலத்தில் தோண்டி, சோஃபாலா என்ற துறைக்குக் கொண்டுவருவார்கள். சோஃபாலா இன்றைய மொசாம்பிக்கில் இருக்கிறது, கில்வாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வடக்கிலிருந்து வரும் வியாபாரிக்கு அது எட்டாத தூரம். எட்டும் தூரத்தின் கடைசி இடம் கில்வா. அதற்கு மேல் பஸ் போகாத ஒரு கடைசி ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே டீக்கடை வைத்தவன் கூட முதலாளியாகிவிடுவான். கில்வாக்காரர்கள் தங்கள் சிறு கப்பல்களைச் சோஃபாலாவுக்கு அனுப்பித் தங்கத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். ஒரே பருவத்தில் வந்து போக நினைத்த வியாபாரி அவர்களிடம்தான் வாங்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சோஃபாலாவே அவர்கள் பிடிக்குள் வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். வேலை நிமித்தம் தார் எஸ் சலாமில் இருப்பவர்களுக்கு விடுமுறை என்றால் சன்சிபார்தான். தெற்கே யாரும் போவதில்லை. என்னுடன் வந்த மதுரைக்கார நண்பர் என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சரித்திரத்தில் ஆர்வம் இல்லாதவர், மீன் நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் அவரைக் கிளப்பினேன். பஸ்ஸில் கில்வா மசோக்கோ என்ற கரையோர ஊரில் இறங்கி, தொல்லியல் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் பெற்று, படகில் ஏறினால் தீவு கண்ணெதிரே. நடுவில் இருக்கும் நீர் இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

படகு கரையை நெருங்கும்போது முதலில் தெரிவது ஒரு கோட்டை. கெரேஸா என்கிறார்கள். சதுரமாக, கொத்தளங்களோடு, கடலைப் பார்த்து நிற்கிறது. அண்ணன் கேட்டார்: “ஏம்ப்பா, இது அரபுக்காரங்க கட்டினதா, போர்ச்சுகீசியன் கட்டினதா?”

இந்தக் கோட்டையைப் பொறுத்தவரை இரண்டுமே சரி. போர்ச்சுகீசியர் 1505இல் போட்ட கோட்டையின் மிச்சத்தின்மேல் 1800 வாக்கில் ஓமானியர் எழுப்பியது. ஆனால் அதே கேள்வியை அவர் மசூதியிலும் கேட்டார், அரண்மனையிலும் கேட்டார். அவர் மட்டுமில்லை, இந்த இடிபாடுகளைப் பார்த்த வெளியாட்கள் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். ‘இங்கே இருந்தவர்களே கட்டினார்களா’ என்பது மட்டும் யார் வாயிலும் வராது. அந்தக் கேள்வியைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கல்லைப் பற்றி. இந்த ஊரின் எல்லாக் கட்டடமும் கடலிலிருந்து வந்தது. சுவருக்குக் கரையில் வெட்டிய பழைய பவளப்பாறை. மிஹ்ராப் என்ற, தொழும் திசையைக் காட்டும் மாடம், வாசல் நிலை, அலங்கார வேலைக்கு உயிருள்ள பவளத்தைக் கடலுக்கடியிலிருந்து வெட்டி எடுப்பார்கள். ஈரமாக இருக்கும்வரை அது மென்மையாக இருக்கும், உளி சொன்னபடி கேட்கும். காற்றுப் பட்டு உலர்ந்ததும் இறுகிவிடும். சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பும் பவளம்தான்; விறகை அடுக்கி, மேலே பவளத்தைக் குவித்து எரித்து நீற்றுவார்கள். கூரைக்கு மட்டும் மரம் வேண்டும். அதற்கு அலையாத்திக் காட்டுக் கழிகள். அந்தக் கழிகள் தாங்கும் நீளம் குறைவு என்பதால் இந்தக் கரையோரப் பழைய வீடுகளில் அறையின் அகலம் இரண்டரை, மூன்று மீட்டரைத் தாண்டாது. எவ்வளவு பணக்காரன் என்றாலும் அறை நீளமாகப் போகும், அகலமாகாது. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி ஒடுக்கமான நீள அறைகளாகப் பார்த்துக்கொண்டே போனபோது, இங்கே கட்டடக்கலையைக் கொத்தனாரைவிட மரம்தான் அதிகம் தீர்மானித்தது என்று தோன்றியது.

பெரிய மசூதிக்குள் நுழைந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். வடக்கே இருக்கும் பழைய பகுதி 11ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஊர் பெருத்தபோது, 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், அதன் தெற்கே பல மடங்கு பெரிய ஒரு கூடத்தைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தூணும் ஒரே பவளக்கல்லில் செதுக்கியது. பார்க்கப் பிரமாதமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அது நிற்கவில்லை. கூடம் சரிந்தது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் முழுமையாக எடுத்துக் கட்டினார்கள். இந்த முறை ஒற்றைக்கல் ஆடம்பரம் கிடையாது. கல்லும் சாந்தும் சேர்த்துக் கட்டிய எண்பட்டைத் தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள், வளைவுகளின் மேல் குவிமாடங்களும் நீள்வளைவுக் கூரைகளும். இன்றைக்கு நாம் பார்ப்பது அதுதான். கூரை பல இடங்களில் விழுந்துவிட்டது. விழாத இடங்களில் அண்ணாந்து பார்த்தால் அறுநூறு ஆண்டுச் சாந்து அப்படியே இருக்கிறது.

1505இல் போர்ச்சுகீசியக் கப்பல் படையோடு வந்த ஹான்ஸ் மாயர் என்ற ஜெர்மானியர் ஊரைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். வளைவுக் கூரை போட்ட மசூதிகள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்று ஸ்பெயினின் கோர்டோபா மசூதியைப் போல இருக்கிறது என்று அதில் சொல்கிறார். கொள்ளையடிக்க வந்த படையில் இருந்தவர் இப்படி எழுதியிருப்பதால் அதை நம்பலாம். அவருக்குப் புகழ்ந்தாக வேண்டிய தேவை ஒன்றும் இல்லை.

பக்கத்திலேயே ஒரு சின்ன மசூதி இருக்கிறது, அதன் குவிமாடங்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கின்றன. இந்த ஊரில் கூரைக்குள் பீங்கான் கிண்ணங்களைப் பதிக்கும் வழக்கம் இருந்தது. சாப்பிட வாங்கிய தட்டை விட்டத்தில் ஒட்டுவதா என்று அண்ணன் கேட்டார். சீனாவிலிருந்து இத்தனை கைமாறி வந்த கிண்ணத்தில் சோறு போட்டுத் தின்பதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. உயரத்தில் ஒட்டி வைத்தால் தொழுகைக்கு வருகிற ஊர் மொத்தமும் பார்க்கும்.

சரி, அரண்மனைக்கு வருவோம். ஊரிலிருந்து கிழக்கே நடந்தால், கடலுக்கு மேல் எழும்பி நிற்கும் பாறை முனையில் ஹுசுனி குப்வா. கில்வாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதைக் கட்டியவர் சுல்தான் அல்-ஹசன் பின் சுலைமான், 1310க்கும் 1333க்கும் இடையே. அறைகள் நூறுக்கு மேல். ஒரு பக்கம் விருந்தினரைச் சந்திக்கும் முற்றம், படிப்படியாக இறங்கும் இருக்கைகளோடு. நடுவே எண்கோண வடிவில் ஒரு குளியல் குளம், இறங்குவதற்குப் படிகளோடு, அவ்வளவு நேர்த்தியாக. கடல் பக்கம் கீழே பார்த்தால் அலையாத்தி மரங்களுக்கு அப்பால் படகுத்துறை தெரியும். தெற்கே ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றி வரிசையாக ஒரே அளவு அறைகள். இங்கே பல ஆண்டு அகழ்ந்த தொல்லியலாளர் நெவில் சிட்டிக் அந்த அறைகள் சரக்கு வைப்பதற்கும் வியாபாரத்துக்கும் இருந்திருக்கும் என்று கருதினார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பாதி அரண்மனை, பாதி கிடங்கு. சுல்தான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே நாட்டின் கல்லாப்பெட்டியை வைத்துக்கொண்டார்.

இந்த சுல்தானின் காலத்தில்தான், 1331இல், மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா இங்கே வந்தார். கில்வாவை மிக அழகான, மிக நேர்த்தியாகக் கட்டப்பட்ட நகரங்களில் ஒன்று என்று புகழ்கிறார். அதே மூச்சில், வீடுகள் எல்லாம் மரத்தால் ஆனவை என்றும் சொல்கிறார். கல் மசூதியும் கல் அரண்மனையும் இருந்த ஊரில் இது எப்படி என்று ஆய்வாளர்கள் நிறைய மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் மரம், மண், ஓலையில்தான் வாழ்ந்திருப்பார்கள் என்பதைத் தவிர இதில் பெரிய மர்மம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கல்வீடு எப்போதும் சிலருக்குத்தான். இடிபாடுகளைப் பார்க்கப் போகிற நாம் அந்தச் சிலரின் ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஓலைவீட்டுக்காரர்களின் கில்வா மண்ணோடு போய்விட்டது.

சுல்தானின் ஈகையைப் பற்றி இப்னு பத்தூத்தா ஒரு கதை சொல்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சுல்தான் வீட்டுக்குப் போகும் வழியில் ஏமன் நாட்டு ஏழைத் துறவி ஒருவர் மறித்து, நீங்கள் உடுத்தியிருக்கும் உடையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டார். தருகிறேன் என்றார் சுல்தான். இப்போதே வேண்டும் என்றார் அவர். சுல்தான் மசூதிக்குத் திரும்பி, உள்ளே போய் வேறு உடை மாற்றிக்கொண்டு, போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஊரே மெச்சியது. சுல்தானின் மகன் அந்த உடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஈடாகப் பத்து அடிமைகளைக் கொடுத்தான். ஊர் மெச்சுவதைக் கேட்ட சுல்தான் மேற்கொண்டு பத்து அடிமைகளையும் இரண்டு சுமை தந்தத்தையும் கொடுக்கச் சொன்னார்.

கொடைக்குப் பெயர்போன மன்னன் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இருபது பேரிடம்தான் மனம் நிற்கிறது. ஒரு சட்டைக்குப் பதிலாகக் கைமாறியவர்கள். எதிர்க்கரை உள்நாட்டில் இந்த சுல்தான் அடிக்கடி படையெடுத்துச் சூறையாடுவார் என்பதையும் இப்னு பத்தூத்தாவேதான் எழுதுகிறார். கொடுத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு, அது இன்னும் சுவாரசியம். அல்-ஹசனுக்குப் பிறகு அவருடைய தம்பி தாவூத் பட்டத்துக்கு வந்தார். இவரிடம் யாராவது கையேந்தினால், கொடுத்தவர் இறந்துவிட்டார், கொடுப்பதற்கு எதையும் விட்டுப் போகவில்லை என்பாராம். விருந்தாளிகளை மாதக்கணக்கில் காக்க வைத்து, கடைசியில் எதையோ கொஞ்சம் கொடுத்து அனுப்புவார். போகப்போக வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஹுசுனி குப்வாவோ முழுசாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. அங்கே வெகுகாலம் யாரும் வாழ்ந்ததாகவும் தெரியவில்லை. அண்ணன் செலவாளி, தம்பி கருமி என்று கதையாக இதை முடித்துவிடலாம். தாவூத் உண்மையைத்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். நூறு அறைகளும் மசூதி விரிவாக்கமும் சேர்ந்து கஜானாவைத் துடைத்திருக்கும்.

அரண்மனையிலிருந்து இறங்கும் பாதையில் நடந்தால் காலில் ஓடுகள் தட்டுப்படும். பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டி ஓடுகள், நடுநடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பளபளப்பு. எடுக்கக் கூடாது. வழிகாட்டியும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வருவார். 1955இல் இந்தக் கரைக்கு வந்த மார்ட்டிமர் வீலர், தார் எஸ் சலாமுக்கும் கில்வாவுக்கும் இடையே இரண்டு வாரத்தில் பார்த்த அளவுக்கு உடைந்த பீங்கானை வாழ்நாளில் பார்த்ததில்லை, மண்வெட்டியால் அள்ளலாம் என்று சொன்னார். நம் ஊர் வாசகர்களுக்கு வீலர் தெரிந்தவர்தான். பத்தாண்டுக்கு முன், 1945இல், புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டி, ரோமானிய ஓடுகளை வைத்து அந்த இடத்தின் காலத்தைக் கணித்தவர். வந்திறங்கிய வெளிநாட்டு ஓட்டை வைத்து ஒரு துறைமுகத்தின் வயதைக் கண்டுபிடிப்பது என்ற அதே வித்தை இங்கேயும் பலித்தது. ரோமானியக் கிண்ணத்துக்குப் பதில் சீனக் கிண்ணம். சிட்டிக்கின் அகழாய்வில் இந்தியக் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. 1974இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அவர் அறிக்கை வந்தது. அதில் எனக்குப் பிடித்த பொருள் தக்களி வில்லைகள். உடைந்த சட்டி ஓட்டை வட்டமாகத் தேய்த்து நடுவில் துளையிட்டு நூல் நூற்றிருக்கிறார்கள். அரண்மனையும் தங்கமுமாகப் பேசும் ஊரில் யாரோ உட்கார்ந்து பருத்தி நூற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது ஆறுதலாக இருக்கிறது.

காசுகளைச் சொல்லாமல் விட முடியாது. சகாராவுக்குத் தெற்கே அந்தக் காலத்தில் சொந்தமாகக் காசு அடித்த ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, கில்வா அதில் ஒன்று. பெரும்பாலும் செப்புக்காசு. ஒரு பக்கம் சுல்தானின் பெயர், மறுபக்கம் அந்தப் பெயரோடு எதுகை சேர்வதுபோல இறைவனைப் போற்றும் ஒரு தொடர். ஆண்டு போட மாட்டார்கள், அதனால் ஆய்வாளர்கள் திண்டாடுகிறார்கள். அல்-ஹசன் பின் சுலைமானின் செப்புக்காசு ஒன்று 1971இல் கிரேட் ஜிம்பாப்வே இடிபாட்டில் கிடைத்தது. தங்கம் எந்த வழியாக வந்தது என்பதற்கு அந்த ஒரு காசு போதும். இன்னும் ஐந்து கில்வாக் காசுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? ஆஸ்திரேலியாவின் வடகோடியில், வெஸ்ஸல் தீவுகளில். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், அங்கே காவலுக்கு இருந்த மாரி ஐசன்பெர்க் என்ற வீரர் கடற்கரை மணலில் பொறுக்கினார். கூடவே டச்சுக் காசுகள் நான்கு. கில்வாக் கப்பல் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தது என்று இணையத்தில் சிலர் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டச்சுக் காசும் சேர்ந்து கிடைத்த பிறகு, பின்னால் வந்த யாரோ ஒரு மாலுமியின் பையிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைப்பதுதான் நியாயம்.

இப்போது அண்ணனின் கேள்விக்கு. யார் கட்டியது?

கில்வாக்காரர்களே ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய வரலாற்று ஏடு இரண்டு வடிவங்களில் நமக்குக் கிடைக்கிறது. ஒன்று அரபியில். இன்னொன்று, போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ஜுவாவ் டி பாரோஸ் 1552இல் அச்சிட்ட நூலில் சுருக்கமாக. அதன்படி, பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து ஒரு இளவரசன் கப்பலில் வந்தான். தீவு அப்போது எதிர்க்கரைத் தலைவன் ஒருவனின் கையில் இருந்தது. விலை பேசினார்கள். தீவைச் சுற்றி விரிக்கும் அளவுக்குத் துணி கொடுத்து வாங்கினான். விற்றவன் பிறகு மனம் மாறி, நீர் வற்றும்போது நடந்துவந்து தாக்கலாம் என்று நினைத்தான். அதற்குள் இளவரசன் கால்வாயை ஆழப்படுத்திவிட்டான், வற்றும் நேரத்திலும் கடக்க முடியாதபடி.

நல்ல கதை. துணிதான் இங்கே பணம் என்பதையும், வந்தவனுக்கு முன்பே தீவுக்குச் சொந்தக்காரன் இருந்தான் என்பதையும் கதையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் காலனியக் காலத்தில் வந்தவர்கள் இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: கல்லில் கட்டத் தெரிந்தவன் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், ஆக இவை ஆப்பிரிக்கக் கரையில் அரபிகளும் பாரசீகர்களும் போட்ட குடியேற்றங்கள். சிட்டிக்கும் இந்தப் பக்கம் சாய்ந்தவர்தான். 1980களில் கென்யாவின் பாட்டே தீவில் ஷாங்கா என்ற இடத்தைத் தோண்டிய மார்க் ஹார்ட்டன் வேறு ஒன்றைக் கண்டார். கல் மசூதிக்கு அடியில் இன்னொரு மசூதி, அதற்கடியில் இன்னொன்று. அடியிலும் அடியில், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த மரக்கம்ப மசூதி ஒன்று, சிலர் மட்டுமே நின்று தொழக்கூடிய அளவில். சுற்றி மண்வீடுகள், உள்ளூர்ப் பானைகள். யாரும் வந்து நகரத்தை இறக்கி வைக்கவில்லை. உள்ளூர் ஊர் ஒன்று இஸ்லாத்துக்கு வந்து, நூற்றாண்டுக் கணக்கில் மரத்திலிருந்து கல்லுக்கு மாறியிருக்கிறது. அவர்கள் பேசிய சுவாஹிலியும் பான்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அரபுச் சொற்கள் நிறைய ஏறியிருந்தாலும் எலும்பு ஆப்பிரிக்க எலும்பு.

அப்படியென்றால் ஷிராஸ் கதை வெறும் பெருமைக்கா? பல ஆண்டு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் மரபணு ஆய்வு ஒன்று வந்தது. இந்தக் கரையின் பழைய நகரக் கல்லறைகளிலிருந்து 80 பேரின் டிஎன்ஏவைப் படித்தார்கள், கில்வாவும் பக்கத்துத் தீவான சோங்கோ மினாராவும் அதில் அடக்கம். பலருடைய மரபில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கம், அது பெரும்பாலும் தாய்வழி. மீதி ஆசியா. அதில் பெரும்பங்கு பாரசீகம், தந்தைவழி. சிறு பங்கு இந்தியாவும் உண்டு. கலப்பு தொடங்கியது கி.பி. 1000 வாக்கில். ஆக, பாட்டன் பாரசீகத்திலிருந்து வந்தான் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, பாட்டி யார் என்பதைத்தான் ஏட்டில் எழுதவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “நம்ம ஊர்லயும் பாட்டி பேரு எவன் எழுதினான்” என்றார்.

போர்ச்சுகீசியர் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது எல்லாக் கடற்கரையிலும் ஒரே கதை. 1502இல் வாஸ்கோ ட காமா பீரங்கிகளோடு வந்து நின்று, ஆட்சியில் இருந்த அமீர் இப்ராஹிமை மிரட்டிக் கப்பம் வாங்கினார். அந்தத் தங்கத்தை உருக்கி 1506இல் செய்த தேவாலயப் பாத்திரம் ஒன்று, பெலெம் கதிர்ப்பாத்திரம் என்று பெயர், இன்றும் லிஸ்பனில் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கில்வாவின் தங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கில்வாவுக்கு வந்து பயனில்லை, அங்கேதான் போக வேண்டும். 1505 ஜூலையில் பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா வந்தார், இந்தியாவுக்கு முதல் வைஸ்ராயாகப் போகிற வழியில். இறங்கி ஊரைச் சூறையாடினார். இப்ராஹிம் தப்பி ஓட, தனக்கு வேண்டிய ஒருவரை அரசராக்கினார். முடிசூட்டக் கிரீடம் வேண்டுமே! கொச்சி ராஜாவுக்குப் பரிசாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த தங்கக் கிரீடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து வேலையை முடித்தார்.

கோட்டை கட்டிப் படையை வைத்தார்கள். சோஃபாலாவிலும் இதே ஆண்டு கோட்டை. தங்கம் இனி தங்கள் கைக்குத்தான் வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. கில்வாவின் வியாபாரம் ஒரு பெட்டியில் இருந்ததில்லை. சோஃபாலாவில் யாரைத் தெரியும், எந்த மாதம் கப்பல் கிளம்ப வேண்டும், யாருக்கு எவ்வளவு துணி கடன் கொடுக்கலாம் என்பதில் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் அங்கோச்சே போன்ற வேறு துறைகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். கோட்டைக்குச் செலவுதான் மிச்சம். ஏழே ஆண்டில், 1512இல், போர்ச்சுகீசியர் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். காற்றின் எல்லை என்ற சலுகையும் அவர்களோடு போனது. ஆப்பிரிக்காவைச் சுற்றித் தெற்கிலிருந்து வரும் கப்பலுக்குக் கில்வா கடைசி நிறுத்தம் கிடையாது, வழியில் வரும் பல ஊர்களில் ஒன்று.

பிறகு நடந்ததை ரசித்து எழுத ஒன்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஊர் மறுபடி எழுந்தது, இந்த முறை மனிதர்களை விற்று. 1776இல் மோரிஸ் என்ற பிரெஞ்சு வியாபாரி சுல்தானோடு ஒப்பந்தம் போட்டார்: ஆண்டுக்கு ஆயிரம் அடிமைகள், இன்றைய மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கும் சுற்றுத் தீவுகளுக்கும். கடற்கரையை ஒட்டி நிற்கும் மகுட்டானி மாளிகையின் பெரும்பகுதி அந்தக் காலத்துப் பணம். அப்புறம் ஓமானியர் வந்தார்கள், கடைசி சுல்தானை 1840களில் மஸ்கட்டுக்கு நாடுகடத்தினார்கள், வியாபாரம் எதிர்க்கரையில் இருக்கும் கில்வா கிவின்ஜேவுக்கு மாறியது. தீவு காலியானது.

சோங்கோ மினாராவுக்கும் போகாமல் வராதீர்கள். இன்னும் தெற்கே இருக்கும் தீவு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைவிடப்பட்ட ஊர். குறுகிய காலமே இருந்ததால் மேல் மேலாகக் கட்டிக் குழப்பவில்லை. கல்வீடுகள், மதில், மசூதிகள், கல்லறைகள், நடுவே திறந்தவெளிகள் என்று முழு ஊரும் வரைபடம்போலத் தெரிகிறது. ஸ்டெஃபனி வின்-ஜோன்ஸும் ஜெஃப்ரி ஃப்ளைஷரும் 2009 முதல் பல பருவங்கள் இங்கே தோண்டினார்கள். ஒரு வீட்டில் யாரோ புதைத்து வைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட செப்புக்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவர்கள் வீடுகளுக்குள் மட்டும் நிற்காமல் திறந்தவெளி மண்ணையும் ஆராய்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஓலைவீட்டுக்காரர்களை எங்கேயாவது பிடிக்க முடியும் என்றால் அது அந்த மண்ணில்தான்.

இரண்டு தீவுகளும் சேர்ந்து 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தன. 2004இல் ஆபத்திலுள்ளவை பட்டியலுக்குப் போய், பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பிறகு 2014இல் மீண்டன. கடல் அரிப்பு நிற்கவில்லை. கெரேஸாவின் கடல்பக்கச் சுவரைப் பார்த்தாலே தெரியும். சுவர்களில் வேர்விடும் மரங்களையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது, மார்ச்சிலும் ஏப்ரலிலும் மழை கொட்டும். அனுமதிச் சீட்டைக் கில்வா மசோக்கோவில் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள், படகு பேசுவது அதற்குப் பிறகு. கில்வா கிசிவானிக்கு அரை நாள் போதும் என்பார்கள். ஹுசுனி குப்வாவுக்கும் போவதென்றால் போதாது. சோங்கோ மினாராவுக்கு ஓத நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டுக் கிளம்புங்கள். நீர் வற்றிய நேரத்தில் படகு கரைவரை போகாது, அலையாத்திச் சேற்றில் முழங்கால் புதைய நடக்க வேண்டிவரும். அண்ணன் புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். மீன் நன்றாக இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, இருந்தது.